சட்டியும் பத்தியமும்

நோய் தணிந்து வீடு திரும்புவோரின் கையில் மருந்துச் சீட்டுடன் ஓர் உணவுப் பட்டியலையும் கொடுத்தனுப்புகிறோம். எதை உண்ணலாம், எதைக் குறைக்க வேண்டும், உப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்பன அதில் எழுதப்பட்டிருக்கும். எந்தப் பாத்திரத்தில் சமைக்க வேண்டும் என்பது மட்டும் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. வீட்டில் அடுப்பின்முன் நிற்பவருக்கோ அந்தக் கேள்வி நாள்தோறும் எழுகிறது. அதற்கு விடை கூறும் முயற்சியே இக்கட்டுரை.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது நம் பழமொழி. உணவறிவியல் அதனோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறது. சட்டிக்குள் இருக்கும் உணவோடு சட்டியின் ஒரு சிறு பகுதியும் அகப்பையில் வந்து சேர்கிறது. இரும்புச் சட்டியிலிருந்து இரும்பும், செம்புப் பாத்திரத்திலிருந்து செம்பும், அலுமினியப் பாத்திரத்திலிருந்து அலுமினியமும் உணவில் இறங்குகின்றன. நலமுடன் இருப்பவரின் உடல் இச்சிறு அளவுகளைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். நோயுற்ற உடலுக்கு அந்த அளவே ஒருவரிடத்தில் துணையாகவும் மற்றொருவரிடத்தில் தீங்காகவும் அமையக்கூடும்.

கடலும் பனையும் கூடிய அடுக்களை

தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கோடியில், மணப்பாட்டுக்கும் உவரிக்கும் இடையே அமைந்த கடற்கரையூர் பெரியதாழை. ஊரின் ஒருபுறம் மன்னார் வளைகுடாக் கடல். மறுபுறம் செம்மணல் தேரியும் பனைமரக் காடுகளும். ஆகவே இப்பகுதியின் சமையல் கடலிலிருந்து மீனையும் பனையிலிருந்து கருப்பட்டியையும் பெற்று வளர்ந்தது. சாளையும் நெத்திலியும் அயிலையும் பாறையும் குழம்பாகின்றன. மழைக்காலத்துக்கென உலர்த்தப்பட்ட கருவாடும் குழம்பாகிறது. பதநீரைக் காய்ச்சி எடுத்த கருப்பட்டி களியிலும் பணியாரத்திலும் சேர்கிறது.

பாத்திரத்தின் உட்புறம் உணவை மாற்றும் என்பதை இம்மண்ணின் மக்கள் நெடுங்காலமாக அறிந்திருக்கின்றனர். பனையேறுவோர் பதநீர் இறக்கும் மண் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசுவர். பூசினால் பாளையிலிருந்து வடியும் சாறு புளிக்காமல் பதநீராக நிற்கும். பூசாவிடில் அதே சாறு புளித்துக் கள்ளாகிவிடும். மரமும் ஒன்றே, பாளையும் ஒன்றே. கலயத்தின் உட்பூச்சு மாறியதும் பானமும் மாறிவிடுகிறது.

மண்பாண்டம் இம்மாவட்டத்துக்குப் புதியதுமன்று. தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழாய்வில் முதுமக்கள் தாழிகளும் மட்கலங்களும் இரும்புக் கருவிகளும் வெண்கலப் பொருள்களும் கிடைத்தன. இதே மாவட்டத்தின் சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 எனக் கரிமக் கணிப்பில் தெரியவந்தது. அரிசியும் மண்கலமும் ஏறத்தாழ 3,200 ஆண்டுகளாக இங்கே ஒன்றாக இருந்துவருகின்றன.

மண்சட்டி: புளிக்குழம்பின் வீடு

மீன் குழம்புக்கு மண்சட்டியே ஏற்றது என்று முதியோர் கூறுவதற்குச் சுவை மட்டும் காரணமன்று. மீன் குழம்பின் அடிப்படை புளி. சில வீடுகளில் மாங்காயும் தக்காளியும் உடன்சேரும். இவை யாவும் அமிலத்தன்மை உடையவை. உலோகப் பாத்திரத்தில் அமிலம் பட்டால் உலோகம் கரைகிறது. மெருகு பூசாத சுட்ட மண் அவ்வாறு புளியோடு வினைபுரிவதில்லை. மேலும், மண்சட்டி மெல்லச் சூடேறி மெல்ல ஆறும். அடுப்பை அணைத்த பின்னும் சிறிது நேரம் குழம்பு கொதித்துக்கொண்டே இருக்கும். மீனின் தசை விரைவில் வெந்துவிடக்கூடியது என்பதால், மீனைப் போட்டு ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிடலாம். எஞ்சிய வேக்காட்டைச் சட்டியின் சூடு பார்த்துக்கொள்ளும். மீன் உடையாது, அடியும் எளிதில் பிடிக்காது, எண்ணெயும் குறைவாகவே தேவைப்படும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின்கீழ் ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2024 மே மாதத்தில் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியை வெளியிட்டது. சமையல் பாத்திரங்களுள் மண்பாத்திரமே மிகவும் பாதுகாப்பானது என அவ்வழிகாட்டி கூறுகிறது. சட்டினி, சாம்பார் போன்ற புளிப்புள்ள உணவுகளை அலுமினியம், இரும்பு, ஈயம் பூசாத பித்தளை, செம்பு ஆகிய பாத்திரங்களில் வைத்திருப்பது பாதுகாப்பானதன்று எனவும் அது எச்சரிக்கிறது. நம் மீன் குழம்புக்கும் கருவாட்டுக் குழம்புக்கும் இது அப்படியே பொருந்தும்.

புதுச் சட்டியை வாங்கியவுடன் அடுப்பில் ஏற்றலாகாது; பழக்க வேண்டும். ஒரு நாள் முழுவதும் நீரில் ஊறவைத்து, பின்னர் இரண்டு மூன்று நாள்கள் அரிசி கழுவிய நீரையோ வடிகஞ்சியையோ அதில் ஊற்றிச் சிறுதீயில் கொதிக்கவைத்தால் சட்டியின் நுண்துளைகள் அடைபட்டு உறுதிபெறும். சுண்டினால் கணீரென ஒலிக்கும் சட்டியை வாங்குங்கள். பளபளக்கும் வண்ணமும் மெருகும் பூசிய சட்டியைச் சமையலுக்கு வாங்காதீர்கள். சில மெருகுகளில் காரீயம் இருக்கலாம். மண் நீரை உறிஞ்சும் இயல்புடையது, சோப்பையும் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே வெந்நீரும் தேங்காய் நாரும் கொண்டு துலக்கி, வெயிலில் நன்கு உலர்த்தி வைக்க வேண்டும். இறக்கிய சூட்டோடு ஈரத்தரையில் வைத்தால் சட்டி விரிசல் காணும். பிரிமணையின்மேல் வைக்கும் பழக்கம் இதற்காகவே ஏற்பட்டது. விரிசல் விட்ட சட்டியிலும் பூஞ்சை வாடை அடிக்கும் சட்டியிலும் நோயாளிக்குச் சமைக்க வேண்டாம்.

சட்டி எவ்வளவு நல்லதாயினும் அதில் இடும் உப்பின் அளவை அது மாற்றாது. கடல் மீன் உப்பு நிறைந்தது என்ற எண்ணம் பலரிடம் உள்ளது, அது சரியன்று. புதிய மீனில் இயல்பாக உள்ள உப்பு குறைவே. உப்பு மிகுவது கருவாட்டில்தான். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உயர் இரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உடையோர் கருவாட்டை விட்டு மீனுக்குத் திரும்புவதே நல்லது. கருவாட்டை நீரில் ஊறவைத்துப் பலமுறை அலசினால் உப்பு குறையும், முற்றிலும் நீங்காது.

மண்பானையின் மற்றோர் உணவு பழைய சோறு. இரவில் நீரூற்றி வைக்கும் சோற்றில் நன்மை தரும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. ஆயினும் புற்றுநோய்க்கு மருந்தேற்றம் பெறுவோர், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோர் ஆகியோருக்கு நோய் எதிர்ப்பாற்றல் குன்றியிருக்கும். அவர்கள் சிகிச்சைக் காலத்தில் பழைய சோற்றைத் தவிர்த்து, அவ்வப்போது வடித்த சூடான கஞ்சியையே உண்ண வேண்டும். நீரிழிவு உடையோர்க்குப் பழைய சோறும் சோறே, அளவு மறக்கலாகாது.

இரும்புச் சட்டி: குருதிக்குத் துணை

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019 முதல் 2021 வரை நடைபெற்றது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களுள் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக அது காட்டுகிறது. இரண்டு பெண்களுள் ஒருவர் என்பது இதன் பொருள். இங்கேதான் பழைய இரும்புச் சட்டி நினைவுக்கு வருகிறது.

எத்தியோப்பியாவில் சிறு குழந்தைகளிடையே நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவுகள் 1999-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தன. ஒரு பிரிவுக் குடும்பங்களுக்கு இரும்புப் பாத்திரமும் மற்றொரு பிரிவுக்கு அலுமினியப் பாத்திரமும் கொடுக்கப்பட்டன. ஓராண்டு கழிந்தபோது இரும்புப் பாத்திர வீட்டுக் குழந்தைகளின் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 1.7 கிராம் உயர்ந்திருந்தது. அலுமினியப் பாத்திர வீட்டுக் குழந்தைகளிடம் 0.4 கிராமே உயர்ந்திருந்தது.

கம்போடியாவில் கிடைத்த பாடம் இன்னும் நுட்பமானது. அங்குள்ள சிற்றூர்ப் பெண்களுக்குக் குழம்பிலிட்டுக் கொதிக்கவைக்க இரும்புக் கட்டிகள் 2008-ஆம் ஆண்டுவாக்கில் வழங்கப்பட்டன. வெறும் கட்டியாக இருந்தவரை எவரும் அதைப் பயன்படுத்த விரும்பவில்லை. அவ்வூர் மக்கள் நற்பேறு தருவதாகக் கருதும் ஒரு மீனின் வடிவில் வார்த்துக் கொடுத்தபின் ஏற்றுக்கொண்டனர். எனினும் பின்னர் 2017-இல் வெளியான ஆய்வொன்றில் அந்த இரும்பு மீனால் ஹீமோகுளோபின் உயரவில்லை. அங்குப் பலருக்கு இரத்தசோகை இரும்புக் குறைவால் வரவில்லை. மரபுவழி இரத்தக் கோளாறுகளே பெரிதும் காரணமாக இருந்தன. இரத்தசோகை என்றவுடன் இரும்புச்சத்துக் குறைவு என்று முடிவு கட்டாமல், காரணத்தைப் பரிசோதித்து அறிந்தபின் சட்டியை மாற்றுவதே முறை என்பதை இதனால் உணரலாம்.

உளுந்தங்களி நம் தென்மாவட்டங்களின் பெருமைக்குரிய உணவு. பூப்பெய்திய பெண்ணுக்கும் பிள்ளை பெற்ற தாய்க்கும் உளுந்து மாவும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிண்டித் தருவர். கனமான இரும்புச் சட்டியில் கிண்டும்போது சிறிதளவு இரும்பும் அதில் சேர்கிறது. கீரைப் பொரியல், முருங்கைக்கீரைத் துவட்டல், நெத்திலி வறுவல், தோசை ஆகியவற்றுக்கும் இரும்பே பொருத்தம். உணவுடன் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் உடல் அந்த இரும்பை நன்கு ஏற்கும். உண்டவுடன் தேநீரோ காப்பியோ அருந்தினால் ஏற்பது குறையும்; ஒரு மணி நேரம் கழித்து அருந்தலாம். மருத்துவர் தந்த இரும்புச்சத்து மாத்திரைக்குச் சட்டி ஈடாகாது, இரண்டும் இருக்கட்டும்.

புளிப்புள்ள பண்டத்தை இரும்பில் சமைத்தால் இரும்பு மிகுதியாக இறங்கும். சமைத்து முடித்தவுடன் அதனை எவர்சில்வர் பாத்திரத்துக்கோ மண்சட்டிக்கோ மாற்றிவிட வேண்டும். சட்டியிலேயே வைத்தால் உணவு கறுத்துச் சுவை கெடும். சட்டியைத் துலக்கியதும் ஈரம் போகத் துடைத்து, அடுப்பில் சற்றே காயவைத்து, நல்லெண்ணெய் தடவி வைத்தால் துரு ஏறாது.

பிள்ளை பெற்றவர்க்குப் பால் சுரக்கும் என்று சுறாப்புட்டு செய்து தருவது கடற்கரை வழக்கம். அந்த அன்பை மதிக்கிறோம். ஆயினும் சுறா போன்ற பெரிய வேட்டை மீன்களின் தசையில் பாதரசம் சேர்ந்திருக்கும். அது கருவிலும் பாலுண்ணும் குழந்தையிடத்தும் நரம்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. அதே இரும்புச் சட்டியில், அதே சின்ன வெங்காயமும் பூண்டும் இஞ்சியும் இட்டு, வேகவைத்து முள் நீக்கிய சாளையைக் கொண்டு புட்டு செய்து தாருங்கள். சாளையும் நெத்திலியும் சிறு மீன்கள் என்பதால் பாதரசம் குறைவு. ஒமேகா-3 கொழுப்பு மிகுதி.

வெண்கலமும் பித்தளையும் செம்பும்

வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் கலந்தது; பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. பொங்கலன்று வெண்கலப் பானையில் பால் பொங்குவது இல்லத்தின் மகிழ்ச்சி. அரிசியும் பருப்பும் புளிப்பற்றவை, சமைத்தவுடன் பரிமாறிவிடுவோம். அந்த அளவில் அச்சம் தேவையில்லை. புளிப்பும் உப்பும் படும்போதுதான் செம்பு கரைந்து பச்சை நிறக் களிம்பு பிடிக்கிறது. இதனால்தான் முன்னோர் பித்தளைப் பாத்திரங்களுக்கு உட்புறம் ஈயம் பூசிவந்தனர். பூச வேண்டியது வெள்ளீயம், காரீயம் நஞ்சு. பூச்சுத் தேய்ந்து பித்தளையின் மஞ்சள் நிறம் வெளியே தெரிந்தால் அதில் சமைப்பதை நிறுத்தி, நம்பகமான கைவினைஞரிடம் மீண்டும் பூசி வாங்க வேண்டும்.

குழந்தைகளைக் குறித்து ஒரு வரலாற்றுச் செய்தியைச் சொல்ல வேண்டும். ஒருகாலத்தில் இந்தியக் குழந்தைகளிடையே உயிர்குடிக்கும் ஒருவகைக் கல்லீரல் சுருக்க நோய் காணப்பட்டது. 1980-களில் பூனாவில் நடந்த ஆய்வுகள், பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த பாலைச் சிறு வயதிலேயே ஊட்டியதை அந்நோயோடு தொடர்புபடுத்தின. வீடுகளில் எவர்சில்வர் பரவி அப்பழக்கம் குறைந்தபின் அந்நோயும் அருகிவிட்டது. குழந்தைக்குரிய பாலை எவர்சில்வர் பாத்திரத்திலேயே காய்ச்சுங்கள். உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய் உடையோர், செம்புக் குடத்து நீர் உள்பட செம்புப் பாத்திரங்களை முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

அலுமினியமும் ஒட்டாத சட்டியும்

அலுமினியப் பாத்திரம் நம் மாநிலத்தில் தோன்றி நூற்றாண்டுக்கு மேலாகிறது. 1898-இல் சென்னைக் கலைக்கல்லூரியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கினார். இலேசானது, விலை குறைந்தது, விரைவில் சூடேறுவது என்பதால் எளிய மக்களின் வீடுகளில் அது நிலைபெற்றது. சோறு வடிக்கவும் வெந்நீர் வைக்கவும் அது தீங்கற்றதே. புளிக்குழம்பையும் ரசத்தையும் அதில் வைப்பதே தவறு. உடலில் சேரும் அலுமினியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம்; ஆகவே சிறுநீரகச் செயலிழப்பு உடையோருக்கும் டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கும் அலுமினியப் பாத்திரத்தில் புளிப்புணவு சமைக்கவே வேண்டாம்.

2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், இறக்குமதியான சில அலுமினிய, பித்தளை, இண்டாலியப் பாத்திரங்களிலிருந்து காரீயம் உணவில் கசியக்கூடும் என எச்சரித்தது. எல்லாப் பாத்திரங்களையும் இது சாராது. எனினும் குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் உள்ள வீட்டில், எவ்வுலோகம் எனத் தெரியாத பழைய வார்ப்புப் பாத்திரத்தைச் சமையலிலிருந்து விலக்கி வைப்பதே நன்று. காரீயத்துக்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்றில்லை.

ஆப்பத்துக்கும் பணியாரத்துக்கும் இன்று ஒட்டாத பூச்சுச் சட்டிகளே மிகுதியாகப் பயன்படுகின்றன. எண்ணெய் குறையும் என்பது அவற்றின் நன்மை. வெறும் சட்டியை அடுப்பில் விட்டு 170 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேற்றினால் பூச்சிலிருந்து தீய புகை எழலாம் என முன்னர்க் கூறிய வழிகாட்டி எச்சரிக்கிறது. சிறுதீ, மர அகப்பை, கீறல் விழுந்தால் கழித்துவிடுதல் ஆகிய மூன்றையும் கடைப்பிடியுங்கள். நன்கு பழகிய இரும்புப் பணியாரக்கல்லும் குழிக்குச் சில துளி எண்ணெயோடு ஒட்டாமல் எழும். கருப்பட்டிப் பணியாரம் வெல்லப் பணியாரத்தைவிட நீரிழிவுக்கு நல்லது என எண்ண வேண்டாம், கருப்பட்டியும் சர்க்கரையே.

யாருக்கு எந்தச் சட்டி?

இரும்புக் குறைவால் இரத்தசோகை உற்றோர்: வறுவல், கீரை, களி, தோசை ஆகியவற்றுக்கு இரும்புச் சட்டி.

தலசீமியா உடையோர், அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்வோர், உடலில் இரும்பு மிகுந்தோர்: இரும்புச் சட்டி வேண்டாம், மண்சட்டியும் எவர்சில்வரும் போதும்.

சிறுநீரக நோயாளர்: மண்சட்டி அல்லது எவர்சில்வர். அலுமினியத்தில் புளிப்புணவு வேண்டாம்.

வில்சன் நோயாளர்: செம்பு, பித்தளை, வெண்கலம் மூன்றும் வேண்டாம்.

இதய நோய், இரத்த அழுத்தம், நீரிழிவு உடையோர்: சட்டியால் தடையில்லை. குறைந்த எண்ணெயில் சமைக்க மண்சட்டியும் பழகிய இரும்புத் தோசைக்கல்லும் துணைசெய்யும். உப்பும் இனிப்பும் அளவோடு இருக்கட்டும்.

கைக்குழந்தைகள்: பாலுக்கும் கூழுக்கும் எவர்சில்வர்.

ஐயம் எழுந்தால் அடுத்த முறை வரும்போது உணவியலாளரிடம், வீட்டில் எந்தப் பாத்திரத்தில் சமைக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்களுக்கு அது பயனுள்ள தகவல்.

ஒரே அடுப்பில் ஒரே குழம்பு

நீண்ட நாள் நோயில் வாடுவோர் பலருக்குப் பசி முதலில் விலகுகிறது. உப்பும் மணமும் அற்ற தனிக் கஞ்சி அதை மேலும் விலக்குகிறது. வீட்டார் அனைவரும் மீன் குழம்பு உண்ண, தமக்கு மட்டும் தனித் தட்டு வருவதே சிலருக்கு நோயைவிடப் பெரிய வருத்தமாகிவிடுகிறது. அடுப்பில் நிற்பவருக்கோ நாளும் இரண்டு சமையல். பெரும்பாலான பத்தியங்களில் இவ்விரண்டும் தேவையில்லை என்பதே எங்கள் அனுபவம்.

மண்சட்டியில் உப்பைக் குறைத்துக் குழம்பு வையுங்கள். பூண்டும் மிளகும் கறிவேப்பிலையும் சற்றுக் கூடட்டும். உப்பு குறைந்ததை நாக்கு விரைவில் மறக்கும். நோயாளிக்கு மருத்துவர் குறித்த அளவை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். உப்பு வேண்டுவோர் தத்தம் தட்டில் சேர்த்துக்கொள்ளட்டும். அவ்வாறு செய்தால் நோயுற்றவரும் வீட்டாரோடு அமர்ந்து ஒரே குழம்பை உண்ணலாம். மற்றவரின் உப்பும் சிறிது சிறிதாகக் குறையும். பரணில் ஒதுங்கிக் கிடக்கும் சட்டியை இறக்கித் துலக்கி, அது எவ்வுலோகம், யாருக்குப் பொருந்தும் என ஒருமுறை எண்ணிப் பார்த்துப் பயன்படுத்துங்கள்.